உறையாத நீரும் படகின் எஞ்சினும்

நீர் உறையும்பொழுது பருமனில் பெருகுகிறது என்பதை மாணவர்கள் எல்லாரும் பாடநூலில் படித்திருப்பார்கள். பதினொரு படி நீர் உறைந்தால் ஏறக்குறையப் பன்னிரண்டு படிப் பனிக்கட்டி ஆகிறது. தேர்வுத் தாளில் இதை எழுதினால் இரண்டு மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்த ஒரு படி மிகுதி, வார்ப்பிரும்பால் ஆன ஓர் எஞ்சினுக்குள் ஒதுங்க இடமில்லாமல் நெருங்கினால் என்ன ஆகும்? பனிக்கட்டி விட்டுக் கொடுக்காது. வார்ப்பிரும்புக்கோ வளையத் தெரியாது. ஆகவே இரும்பு பிளக்கிறது. ஓர் இரவுக் குளிரில் எவர் காதிலும் விழாமல் இது நடந்து முடிந்துவிடும். பனி உருகி, எஞ்சினுக்கு அடியில் நீர் ஒழுகத் தொடங்கிய பின்னரே உரிமையாளருக்குச் செய்தி தெரியும்.

இந்தக் கேட்டைத் தடுப்பதற்காகக் குளிர்நாடுகளில் எஞ்சின் நீரோடு ஒரு திரவத்தைக் கலக்கிறார்கள். அதற்கு ஆண்டிஃப்ரீஸ் என்று பெயர். நாம் உறைதடுப்பான் என்று சொல்லிக்கொள்வோம். படகின் டீசல் எஞ்சினுக்கு அதைத் தேர்ந்தெடுப்பது எப்படி, பழையதை வடித்துப் புதியதை ஊற்றுவது எப்படி என்பதே நான் இன்று சொல்ல எடுத்துக்கொண்ட பொருள். உறைவதைத் தடுக்கும் வேலை அதன் பெயரிலேயே இருக்கிறது. பெயரில் இடம் பெறாத வேலை ஒன்றும் அதற்கு உண்டு. என் கருத்தில் அதுவே பெரிய வேலை. அதை மறந்துவிடுவதால் கெடும் எஞ்சின்கள் பல.

எடுத்துக்காட்டாக இங்கிலாந்தின் கால்வாய்களைப் பார்ப்போம். பிரிட்ஜ்வாட்டர் கால்வாய் 1761-இல் திறக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து நாடெங்கும் கால்வாய்கள் வெட்டப்பட்டன. அவற்றில் பலவற்றின் நீர்ப்பூட்டுகள் மிகக் குறுகலானவை. ஆகையால் அங்கே ஓடும் படகும் ஏழடி அகலத்துக்கு மேற்படாது. நீளமோ எழுபது அடி வரை செல்லும். நிலக்கரியும் மட்பாண்டமும் சுமந்த இந்த ஒல்லிப் படகுகளில் இன்று சரக்கு இல்லை. விடுமுறைக்கு வருவோரும், ஆண்டு முழுவதும் படகையே வீடாகக் கொண்டோரும் இருக்கிறார்கள். 1962 டிசம்பர் இறுதியில் தொடங்கிய உறைபனி 1963 மார்ச்சுத் தொடக்கம் வரை நீடித்தது. சரக்குப் படகுகள் வாரக்கணக்கில் பனிக்கட்டியில் சிக்கி நின்றன. காத்திருக்க முடியாத சரக்கு, சாலை வழியையும் இருப்புப்பாதையையும் நாடிச் சென்றது. முன்னமே நலிந்திருந்த அந்தத் தொழில் பிறகு நிமிரவே இல்லை. குளிர் ஒரு தொழிலின் தலையெழுத்தையே எழுதிவிடக்கூடிய நாட்டில், எஞ்சினுக்குள் இருக்கும் சில படி நீரைப் பற்றி மக்கள் கவலைப்படுவதில் வியப்பில்லை.

டீசல் எஞ்சினில் எரியும் எண்ணெயின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் படகை உந்தும் வேலையாக மாறுகிறது. இன்னொரு பெரும் பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியதைக் குளிர்நீர் சுமந்துகொண்டு போய் வெளியே கொட்டியாக வேண்டும். மோட்டார் வண்டியில் இதற்கு ரேடியேட்டரும் எதிர்க்காற்றும் உண்டு. படகின் எஞ்சினோ உட்பக்கத்தில் அடைபட்டுக் கிடக்கிறது. அங்கே காற்று ஓட்டம் இல்லை. ஆனால் படகைச் சுற்றிலும் நீர் இருக்கிறது. அந்த நீரை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான் முறைகள் வேறுபடுகின்றன.

பழைய எஞ்சின்கள் சிலவற்றில் வெளிநீரே நேராகச் சிலிண்டர்களைச் சுற்றி ஓடி வெளியேறியது. கடலாயின் உப்பும், கால்வாயாயின் சேறும் உள்ளே தங்கின. இரண்டாவது முறையில், எஞ்சினுக்குள் நல்ல நீர் ஒரு மூடிய சுற்றில் ஓடிக்கொண்டிருக்கும். வெப்பமாற்றி என்னும் உறுப்புக்குள் மெல்லிய குழாய்கள் பல உண்டு. அவற்றின் ஒரு புறம் நல்ல நீரும், மறுபுறம் கடல்நீரும் செல்லும். இரண்டும் கலவாமலே வெப்பம் மட்டும் கைமாறும். கடலோடும் படகுகளில் இதுவே பெருவழக்கு. மூன்றாவது முறை, இரும்புக் கால்வாய்ப் படகுகளுக்கே உரியது போன்றது. படகின் பக்கத் தகட்டின் உட்புறத்தில் ஒரு தட்டையான தொட்டியைப் பற்றவைத்து விடுவார்கள். எஞ்சின் நீர் அதற்குள் சுற்றிவரும். தகட்டுக்கு வெளியே இருக்கும் கால்வாய் நீர் அதைக் குளிரச் செய்யும். வெளிநீர் ஒரு துளியும் உள்ளே வரவேண்டியதில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சுற்றில் அடங்கும் நீரின் அளவு மிகுதி. உறைதடுப்பான் வாங்கும் செலவும் அதற்கேற்ப மிகுதி. பலர் மாற்றாமல் நாளைக் கடத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி அந்தத் திரவத்தின் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம். மோட்டார் வண்டிகள் புதிதாக வந்த காலத்தில் நீரோடு சாராயத்தைக் கலந்தார்கள். சூடேறியதும் சாராயம் ஆவியாகிப் போயிற்று. கிளிசரினைக் கலந்தார்கள், குளிரில் அது தேனைப்போல் தடித்தது. இவற்றைவிட ஏற்ற பொருள் வேதியியலார் கைவசம் அப்போதே இருந்தது. பிரான்சு நாட்டு அறிஞர் சார்லஸ் அடால்ஃப் வூர்ட்ஸ் 1856-இலேயே எதிலீன் கிளைக்காலைச் செய்து காட்டியிருந்தார். கிளிசரினுக்கும் ஆல்ககாலுக்கும் இடைப்பட்ட இயல்புடையது என்று கருதி, இரண்டு பெயர்களையும் ஒட்டவைத்துக் கிளைக்கால் என்று அவர் பெயரிட்டார். எளிதில் ஆவியாகாத அந்தத் திரவம் எஞ்சினுக்குள் பரவலாகப் புகுந்தது 1920-களில்தான்.

இதில் மாணவர்கள் சுவைக்கத்தக்க ஒரு புதிர் உண்டு. தூய எதிலீன் கிளைக்கால் சுழிக்குக் கீழ் 13 பாகை செல்சியசு அளவிலேயே உறைந்துவிடும். தூய நீர் சுழியிலே உறையும். ஆனால் இரண்டையும் சரிபாதியாகக் கலந்தால், சுழிக்குக் கீழ் 37 பாகை வரையில் அந்தக் கலவை உறைவதில்லை! நீர் மூலக்கூறுகள் வரிசையாய் அணிவகுத்துப் படிகமாவதைக் கிளைக்கால் மூலக்கூறுகள் குறுக்கே புகுந்து கெடுக்கின்றன. அவ்வாறே நீரும் கிளைக்காலின் அணிவகுப்பைக் கெடுக்கிறது. பாதிக்குப் பாதி என்றால் இவ்வளவு நன்மை, முழுவதும் ஊற்றினால் இன்னும் நன்மை என்று கணக்கிடுகிறவர் ஏமாந்து போவார். மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டியதும் உறைநிலை மறுபடி மேலேறத் தொடங்கும். அதோடு வெப்பத்தைச் சுமப்பதில் கிளைக்கால் நீருக்கு ஈடாகாது. இரண்டாம் உலகப் போரில் புகழ்பெற்ற மெர்லின் விமான எஞ்சினை முதலில் தூய கிளைக்காலைக் கொண்டே குளிர்வித்தார்கள். பிறகு நீர் எழுபது, கிளைக்கால் முப்பது என்ற கலவைக்கு மாறினார்கள். நீரைவிடக் குளிர்விக்கத் தகுந்த பொருள் வேறில்லை. அதன் குறைகளை ஈடுசெய்யவே கிளைக்கால் துணைக்கு வருகிறது.

இங்கிலாந்தின் தெற்குக் கால்வாய்களில் சுழிக்குக் கீழ் 37 பாகைக் குளிர் வருவதே இல்லை. நான்கில் ஒரு பங்கு கிளைக்கால் கலந்தாலே சுழிக்குக் கீழ் 12 பாகை வரை தாங்கும். அப்படியிருக்கச் சரிபாதி கலக்குமாறு எஞ்சின் செய்வோர் வற்புறுத்துவது ஏன்? பெயரில் இல்லாத வேலை என்று தொடக்கத்தில் குறிப்பிட்டேனே, அதற்கு இப்போது வருகிறோம்.

எஞ்சினுக்குள் ஓடும் நீர் ஒரே உலோகத்தைத் தொடுவதில்லை. வார்ப்பிரும்பு, அலுமினியம், செம்பு, பித்தளை, ஈயம் கலந்த பற்று ஆகியவை அனைத்தும் ஒரே நீரில் நனைந்திருக்கின்றன. வெவ்வேறு உலோகங்களை ஒரே நீரில் வைத்தால் மின்கலம் உண்டாகும் என்று வோல்ட்டா காட்டியதை நீங்கள் அறிவீர்கள். எஞ்சினுக்குள்ளும் அதே நிகழ்ச்சி நடக்கிறது. அங்கே வலுக்குறைந்த உலோகம் கரைகிறது. போதாததற்கு, சூட்டிலும் காற்றின் ஆக்சிஜனிலும் கிளைக்கால் மெல்ல மெல்லச் சிதைந்து, ஃபார்மிக் அமிலம் போன்ற அமிலங்களாக மாறுகிறது. வெறும் கிளைக்காலை ஊற்றினால் அது துருவை வளர்க்குமேயன்றித் தடுக்காது. ஆகையால் செய்வோர் அதனோடு அரிமானத்தைத் தடுக்கும் உப்புகளைச் சேர்த்து விற்கிறார்கள். இந்தப் பொருள்கள் உலோகத்தின் மீது மென்படலமாகப் படிகின்றன. பிறக்கும் அமிலத்தை நடுநிலைப்படுத்துகின்றன. அந்தப் பணியிலேயே அவை தீர்ந்தும் போகின்றன.

ஐந்து ஆண்டு பழைய கலவையை எடுத்து ஹைட்ரோமீட்டரில் சோதித்தால், உறைநிலை இன்னும் சுழிக்குக் கீழ் முப்பதுக்கு அப்பால் இருப்பதாகக் காட்டும். கருவி பொய் சொல்லவில்லை. கிளைக்கால் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. காவல் உப்புகள் தீர்ந்துவிட்டன என்பதைச் சொல்ல அந்தக் கருவிக்குக் கண் கிடையாது. அது திரவத்தின் அடர்த்தி ஒன்றையே அளக்கிறது. அதை நம்பி, மாற்றவேண்டிய காலத்தைத் தள்ளிப் போடுகிறவர்கள் பனியிலிருந்து தப்பி அரிமானத்திடம் அகப்படுகிறார்கள். அமிலத் தன்மையைக் காட்டும் தாள்கீற்று ஒன்றையும் நனைத்துப் பார்ப்பது ஓரளவு உதவும். அதனினும் நம்பத்தக்கது, செய்தவர் குறித்த ஆண்டுக் கணக்கு.

அந்தக் கணக்கு வகையைப் பொறுத்தது. சிலிக்கேட்டு, ஃபாஸ்ஃபேட்டு, போரேட்டு, நைட்ரைட்டு முதலிய கனிம உப்புகளைக் கொண்ட பழைய வகை விரைந்து படலம் கட்டும்; விரைந்து தீரும். இரண்டு ஆண்டுகளே அதன் வாழ்நாள் என்று பொதுவாகக் கொள்ளலாம். கரிம அமிலங்களின் உப்புகளைக் கொண்ட புதிய வகை, அரிமானம் தொடங்கும் இடத்தில் மட்டும் சென்று வேலை செய்கிறது. அதனால் ஐந்து ஆண்டுகள் வரை உழைக்கிறது. இரண்டின் இயல்பையும் கலந்து செய்த நடுவகையும் உண்டு. புதியது நெடுநாள் உழைக்கும் என்பதற்காக எல்லாருக்கும் அதுவே ஏற்றது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஈயப் பற்றும் பழைய ரப்பர் அடைப்புகளும் கொண்ட முதிய எஞ்சின்களுக்குப் பழைய வகையே பொருத்தம் என்று வல்லுநர் பலர் சொல்லுகிறார்கள்.

டீசல் எஞ்சினுக்கே உரிய ஒரு தொல்லையையும் இங்கே சொல்லவேண்டும். பெரிய டீசல் எஞ்சின்கள் பலவற்றில் சிலிண்டரின் உட்சுவர், லைனர் என்னும் தனிக் குழலாக அமைந்திருக்கும். அதன் வெளிப்புறத்தை நேரே நீர் தழுவும். எண்ணெய் வெடித்து எரியும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழல் மணியைப்போல் அதிர்கிறது. சுவர் பின்வாங்கும் நொடியில் நீரில் நுண்குமிழிகள் தோன்றுகின்றன. சுவர் திரும்பி வரும்பொழுது அவை நசுங்கி உடைகின்றன. குமிழி உடையும் இடத்தில் உண்டாகும் தாக்குதல் சிறு உளியால் கொத்தியது போன்றது. இப்படிப் பல நாள் கொத்துண்டு, கனத்த இரும்பில் ஊசித்துளை விழுந்துவிடும். சிலிண்டருக்குள் நீர் புகும், எஞ்சின் போயிற்று. நைட்ரைட்டு போன்ற பொருள்கள் லைனர் மீது கடினமான படலத்தை உண்டாக்கி, அடியைத் தாம் வாங்கிக்கொள்கின்றன. ஆகவே, தங்கள் எஞ்சினில் நீர் தழுவும் லைனர் இருக்கிறதா என்று கையேட்டைப் பார்த்து அறிந்த பிறகே கடைக்குப் போகவேண்டும். மோட்டார் காருக்கென விற்கும் எளிய வகை அங்கே போதாது.

கடையில் பச்சை, நீலம், சிவப்பு, மஞ்சள் எனப் பல நிறங்களில் புட்டிகள் அடுக்கியிருக்கும். இந்த நிறங்களை நம்பவேண்டாம். கிளைக்காலுக்கு நிறமே இல்லை. சாயம் சேர்ப்பவர் தம் விருப்பப்படி சேர்க்கிறார். ஒரு நிறுவனத்தின் நீலமும் மற்றொன்றின் நீலமும் வேறு வேறு வகையாக இருக்கக்கூடும். பார்க்கவேண்டியது புட்டியின் பின்புறம் சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் தர எண். பிரிட்டனில் பி.எஸ். 6580 என்றும், அமெரிக்காவில் ஏ.எஸ்.டி.எம். டி 3306, கடும் உழைப்புக்குரிய எஞ்சின்களுக்கு டி 6210 என்றும் எழுதியிருக்கும். எஞ்சின் கையேட்டில் கேட்ட எண் புட்டியில் இருந்தால் வாங்கலாம். இரு வேறு வகைகளைக் கலப்பது தகாது. சில சேர்க்கைகள் கூழாகத் திரண்டு வெப்பமாற்றியின் மெல்லிய குழாய்களை அடைத்துவிடும். அடைக்காவிடினும், ஒன்றின் காவலை மற்றொன்று கெடுக்கும்.

மாற்றும் நாளில் எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்க வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்லுகிறேன். மூடியின் விசையால் உள்ளே அழுத்தம் ஏறியிருப்பதால், நூறு பாகைக்கு மேற்பட்ட சூட்டிலும் கலவை கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திறந்த நொடியில் அது நீராவியாகி முகத்தில் பாயும். இந்த விபத்தில் வெந்து போனவர்கள் எல்லா நாடுகளிலும் உண்டு.

ஆறிய எஞ்சினில் மூடியைத் திறந்து, சிலிண்டர்ப் பகுதியின் அடித்திருகையும் வெப்பமாற்றி அல்லது பக்கத் தொட்டியின் அடித்திருகையும் கழற்றிப் பழைய திரவத்தை ஒரு பாத்திரத்தில் பிடிக்கவேண்டும். திருகைக் கழற்றியும் ஒன்றும் வராவிட்டால், உள்ளே எதுவும் இல்லை என்று எண்ணிவிடலாகாது; துருவும் வண்டலும் துளையை அடைத்திருக்கும், கம்பியால் குத்திவிட வேண்டும். எஞ்சினின் வெப்பத்தைக் கொண்டே குளிப்பதற்கு வெந்நீர் காய்ச்சும் தொட்டி பல படகுகளில் உண்டு. அதன் சுருள்குழாயிலும் பழைய திரவம் தங்கியிருக்கும். பிறகு தெளிநீர் வரும் வரை கழுவவேண்டும். கடைசிக் கழுவலுக்கு வாலைநீர் நல்லது. கடின நீரிலுள்ள சுண்ணாம்பு, ஃபாஸ்ஃபேட்டோடும் சிலிக்கேட்டோடும் கூடி உப்புப் பாறையாகப் படியும் என்பதுதான் காரணம். கலப்பதற்கும் வாலைநீரையே பயன்படுத்தவேண்டும்.

இந்த இடத்தில் சிறிய கணக்கு ஒன்று வருகிறது. ஒரு படகின் சுற்றில் மொத்தம் 24 லிட்டர் அடங்கும் என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு வடித்தாலும் கழுவிய நீரில் 4 லிட்டர் மூலை முடுக்குகளில் தங்கிவிட்டது. சரிபாதியாக முன்னமே கலந்த கலவையை வாங்கி ஊற்றினால் 20 லிட்டர் பிடிக்கும். அதில் உறைதடுப்பான் 10 லிட்டர். 24-க்கு 10 என்றால் ஏறக்குறைய 42 விழுக்காடுதான். தங்கிய நீர் மிகுதியானால் இன்னும் குறையும். எனவே கலக்காத உறைதடுப்பானில் 12 லிட்டரை முதலில் ஊற்றிவிட்டு, மீதியை வாலைநீரால் நிரப்புவதே சரி. உள்ளே எவ்வளவு நீர் ஒளிந்திருந்தாலும் விகிதம் தவறாது. பனியைவிடக் காவல் உப்பை முன்னிட்டே இந்தக் கணக்கு வேண்டியிருக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் உப்பின் அளவு போதாமற் போகும்.

ஊற்றும்பொழுது மெல்ல ஊற்றவேண்டும். பக்கத் தொட்டியின் உச்சியில் காற்று சிக்கிக்கொள்ளும்; அங்குள்ள காற்றுத் திருகைத் தளர்த்தி, குமிழி நின்று திரவம் கசியும் வரை காத்திருந்து இறுக்கவேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, வெப்பம் ஏறித் தெர்மாஸ்டாட் திறந்து, தொட்டியும் வெந்நீர்க் குழாய்களும் சூடான பிறகு நிறுத்தி, ஆறவிட்டுக் குறைந்ததை நிரப்பவேண்டும்.

கடற்படகில் வேலை இத்துடன் முடியாது. கடல்நீர் ஓடும் மறுபுறச் சுற்றிலும் நீர் நிற்கிறது. கடல்நீர் சுழிக்குக் கீழ் 2 பாகை அளவில் உறையும். கரையேற்றி வைத்த படகில் அதுவும் இரும்பைப் பிளக்கும். குளிர்காலத்துக்கு முன் அதை வடிக்கவேண்டும்; அல்லது ஒரு வாளியில் புரோப்பிலீன் கிளைக்கால் கலவையை வைத்து, கடல்நீருக்கு மாறாக எஞ்சினை அதை உறிஞ்சச் செய்து, புகைக்குழாயில் அந்த நிறம் வெளிவரும் வரை ஓட்டவேண்டும். வெளியேறுவது நீர்நிலையில் கலக்கும் ஆதலால் இங்கே எதிலீன் கிளைக்கால் கூடாது.

இரண்டு கிளைக்கால்களும் அண்ணன் தம்பி போன்றவை; குணம் வேறு. புரோப்பிலீன் கிளைக்கால் உணவுப் பொருள்களில்கூடச் சேர்க்கப்படுகிறது. எதிலீன் கிளைக்கால் கொடிய நஞ்சு, அதோடு இனிப்பானது. உடலுக்குள் அது ஆக்சாலிக் அமிலமாக மாறி, சுண்ணாம்புச் சத்தோடு கூடிப் படிகமாகிச் சிறுநீரகத்தை அழிக்கும். தரையில் சிந்தியதை நக்கிய நாய்களும் பூனைகளும் மடிகின்றன. குழந்தைகளுக்கும் அதே ஆபத்து. இவற்றின் நெருங்கிய உறவான டை எதிலீன் கிளைக்காலை அமெரிக்காவில் 1937-இல் ஒரு மருந்துக்குக் கரைப்பானாகப் பயன்படுத்தியதால் நூறு பேருக்கு மேல் இறந்தனர். அதன் விளைவாகவே 1938-இல் அந்நாட்டில் மருந்துச் சட்டம் கடுமையாக்கப்பட்டது.

நம் கடற்கரையில் பனி ஏது, நமக்கு இது எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ எந்த எஞ்சினும் உறைந்து பிளக்கப் போவதில்லை. ஆனால் அங்கும் இரும்பும் அலுமினியமும் ஒரே நீரில்தான் நனைகின்றன. லைனர் அங்கும் அதிர்கிறது. உவர்க் கிணற்று நீரை ஊற்றினால் அதன் குளோரைடு அரிமானத்தை விரைவுபடுத்தும். சரிபாதிக் கலவையின் கொதிநிலை நீரைவிட ஏழெட்டுப் பாகை மிகுதி என்பதும் வெப்ப நாட்டுக்கு ஆதாயமே. கூலண்ட் என்ற பெயரில் நம் ஊர்க் கடைகளில் விற்பதும் இதே குடும்பத்துப் பொருள்தான்.

வடித்த பழைய திரவத்தைப் படகின் அடித்தளத்தில் விடுவதும் கால்வாயில் கொட்டுவதும் குற்றம். மூடியுள்ள கலனில் ஊற்றி, நஞ்சு என்று எழுதி, கழிவு வாங்கும் நிலையத்தில் சேர்க்கவேண்டும். ஊற்றிய வகை, தர எண், விகிதம், நாள் ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி எஞ்சினின் மீதே ஒட்டிவைப்பது நல்ல வழக்கம். படகு கைமாறும், அடுத்து வாங்குகிறவர் மூடியைத் திறந்தால் அவர் கண்ணுக்குத் தெரியப் போவது ஒரு நிறம் மட்டுமே.